தங்கள் பைன் மரத்தின் தற்போதைய நிலை குறித்து

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் மகளும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் வலது தோள்பட்டை வலி சென்ற மாதத்தைவிடக் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். மேலே ‘நலம்’ என்ற சொல்லை இவ்வீட்டைப் பொறுத்தவரை இரண்டு நபர்களுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். இவ்வீட்டில் உயிருள்ளதாகக் கருதப்பட்டு வந்த மூன்றாவது ஒன்றைப் பற்றி நலம் என்றோ நலமில்லை என்றோ உறுதி கூறும் நிலையில் நான் இன்று இல்லை.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி தாங்கள் இங்கு வந்து, போன்சாய் என்னும் குட்டை மரமாக்குவதற்காக விதையிலிருந்து இருபத்தோராண்டுகளாக வளர்த்த பைன் மரத்தின், ‘கடா’ என்று தாங்கள் பெயரிட்ட நெடுங்கிளையைத் தங்கள் கையாலேயே அறுத்தெடுப்பதாக ஏற்பாடு. அந்தப் பயணத்தை, வசந்தம் பிறந்து மொட்டுகள் நீளத் தொடங்கும் காலம் வரை தள்ளிவைக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணம், அந்தத் தேதியில் அறுப்பதற்கு உயிருள்ள மரம் ஒன்று இங்கு இருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உள்ளது. இருக்காது என்று நான் சொல்லவில்லை. இருக்கும் என்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி, “சொந்த அக்காவுக்குத் ‘தாங்கள்’னு எழுதுற ஒரே ஆளு நீங்கதான். செத்துப்போச்சு, மன்னிச்சிடுன்னு ரெண்டு வரி எழுதினா தபால்காரருக்காவது பாரம் குறையும்” என்றாள். சட்ட வரைவுப் பணியில் முப்பத்தோர் ஆண்டுகள் இருந்தவனால் இரண்டு வரியில் எழுத முடியாது என்பதை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் முழுவதையும் கேட்காமலே போய்விட்டாள்.

பின்னணி தங்களுக்குத் தெரிந்ததே. எனினும் பிற்காலத்தில் யார் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தாலும் பொருள் விளங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தாங்கள் நில அளவைப் பணியில் இருந்தபோது நாற்பது பைன் விதைகளை விதைத்தீர்கள். முப்பத்தொன்று முளைத்தன. அவற்றில் சிலவற்றை இரண்டாம் ஆண்டில் கம்பி சுற்றி வளைக்கும்போது முறித்தீர்கள், சிலவற்றை நத்தை தின்றது, சிலவற்றைப் பார்க்க வந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்துக் கொன்றார்கள். கடைசியில் எஞ்சியது இந்த ஒன்று. அடிமரம் தங்கள் மணிக்கட்டைவிடச் சற்றுப் பருமன், இரண்டு வளைவு, கீழே குட்டையாக ஐந்து கிளைகள், அவற்றுக்கு மேலே, கட்டுப்பாடு எதுவுமின்றி வானத்தை நோக்கி ஓடவிட்ட ஒரு நெடுங்கிளை. அந்த நெடுங்கிளை ஓடினால்தான் அடிமரம் பருக்கும் என்றும், பருத்து முடிந்ததும் அதை ஈவிரக்கமின்றி அறுத்துவிட வேண்டும் என்றும், அதனால் அதற்குக் கடா என்று பெயர் வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். அறுத்த பிறகு மரத்தை நடுவதற்கென்று பதினைந்தாண்டுகளுக்கு முன்பே ஒரு தட்டையான நீலத் தொட்டியை வாங்கித் துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். மரம் தொட்டிக்குத் தகுதியாகும் வரை தொட்டி காத்திருக்கட்டும் என்றீர்கள். நான்காண்டுகளுக்கு முன் மகள் வீட்டின் ஆறாவது மாடிக்குத் தாங்கள் குடிபெயர்ந்தபோது, அங்கே நாளொன்றுக்கு முக்கால் மணி நேரமே வெயில் விழுகிறது என்பதால், மரம் அது வளரும் நெகிழிக் கூடையோடு என் வீட்டுப் பின்கட்டில் என் பொறுப்பில் விடப்பட்டது.

அப்போது தாங்கள் பென்சிலால் பதினோரு வரிகளில் எழுதிக் கொடுத்த குறிப்பை நான் தட்டச்சு செய்து, எண்ணிட்டு, நெகிழித் தாளில் ஒட்டிப் பின்கதவில் மாட்டினேன். அதன் நான்காம் விதி: “அடிமரத்தில் நகம்கூடப் படக்கூடாது.” ஏழாம் விதி: “மேல்மண் காயத் தொடங்கினால்தான் தண்ணீர். தினமும் இல்லை.” இந்த ஏழாம் விதியை நிறைவேற்றுவதற்காகவே நான் தண்ணீர்ப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தினேன். தேதி, விரலால் தொட்டறிந்த ஈர நிலை, தண்ணீர் ஊற்றப்பட்டதா இல்லையா, நேரம், கையொப்பம் என ஐந்து கட்டங்கள். முதல் மூன்று ஆண்டுகள் மரம் செம்மையாக இருந்தது. கோடையின் தொடக்கத்தில் மெழுகுவத்திபோல் நீளும் இளந்தளிர்களைப் பத்து நாளுக்குள் நறுக்க வேண்டும் என்ற எட்டாம் விதியில், பத்து நாள் என்பதில் முதல் நாள் சேருமா சேராதா என்று நான் தொலைபேசியில் கேட்டதும், “மரத்துக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதுடா, நறுக்கித் தொலை” என்று தாங்கள் சொன்னதும் நினைவிருக்கலாம். முதல் நாளை விலக்கிக் கணக்கிட்டு நறுக்கினேன். அதில் குறை ஏதும் நேரவில்லை.

குறை சென்ற கோடையில் தொடங்கியது. அது நாம் யாரும் கண்டிராத வெயில். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு நான் மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரமாக இருக்கும். “ஈரம் உள்ளது, ஊற்றவில்லை” என்று எழுதிக் கையொப்பமிடுவேன். இப்படித் தொடர்ச்சியாகத் தொண்ணூற்று நான்கு நாட்கள் பதிவாகியுள்ளன. நகல் இணைத்திருக்கிறேன். அந்த வெயிலில் மூன்று மாதங்கள் தண்ணீரே ஊற்றாமல் ஒரு மண் ஈரமாக இருப்பது இயற்கைக்கு மாறானது என்பது இப்போது எனக்கும் தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, தாங்கள் கலந்து கொடுத்த சரளை மண்ணின் சிறப்பே சிறப்பு என்பதுதான். தொலைபேசியிலும் அப்படியே சொல்லி வியந்தேன். “சரளைல ஈரம் நிக்காதேடா” என்றீர்கள். நான் பதிவேட்டைப் பார்த்து வாசித்துக் காட்டினேன். எழுத்தில் இருந்ததால் தாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இலைகள் தம் பளபளப்பை இழந்து சாம்பல் பூத்த பச்சையாக மாறியதும், கூடையின் அடியிலிருந்து புளித்த வாடை வந்ததும் இலையுதிர் காலத்தின் நடுவில். அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் ஒரு விசாரணையைக் கூட்டினேன். என் மனைவியும், மாடியில் வாடகைக்கு இருக்கும் ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவரும் அழைக்கப்பட்டார்கள். அவருக்கு முழங்கால் வலி. படியிறங்கி வந்து சேர ஒன்பது நிமிடம் ஆனது. அவரை அழைத்ததற்குக் காரணம், கடாவின் நுனி அவருடைய பால்கனிக் கம்பியைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதும், அவர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார் என்பதும்தான். அவர் மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. சாட்சியாகவே அழைத்தேன். நான் பதிவேட்டை மேசையில் வைத்து, இதன்படி இம்மரத்துக்குக் கோடை முழுவதும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அப்படியிருக்க வேர் அழுகும் வாடை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பிறகு டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

“நான் வந்து, சார்... ஒரு மக்கு தண்ணி.”

“எப்போது?”

“சாயங்காலம். மேலேர்ந்து ஊத்தினா மழை மாதிரி இருக்கும்ல. அது நுனி வாடிப்போய் என் பக்கமே பாத்துக்கிட்டு நின்னுச்சு சார். மனசு கேக்கல.”

“எத்தனை நாள்?”

“தினமும் அஞ்சு பத்துக்கு.”

“தினமுமா?”

“ஒரு நாள் மட்டும் அஞ்சு பன்னெண்டு ஆயிடுச்சு. போன் வந்துச்சு, அதான் லேட்டு” என்றார், அந்த இரண்டு நிமிடத்துக்காகவே தன்னை அழைத்திருக்கிறேன் என்று நினைத்தவர்போல.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். “என்னை ஏன் பாக்குறீங்க? நான் ஊத்தினது காய் கழுவின தண்ணி. அது தண்ணிக் கணக்குலயே வராது” என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். ஒரு சட்டி என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன். தினமும் நாம் காய் சாப்பிடுகிறோமா இல்லையா என்று திருப்பிக் கேட்டாள். பதிவேட்டில் ஏன் எழுதவில்லை என்றதற்கு, “உங்க நோட்டுல கையெழுத்துப் போட நான் என்ன கைதியா? நீங்க அந்த நோட்டுல காட்டுற அக்கறையில கால்வாசி மரத்துக்கிட்ட காட்டியிருந்தா நான் ஏன் ஊத்தப் போறேன்? பாவம், வெயில்ல நிக்குதேன்னு ஊத்தினேன்” என்றாள். டிரைவர் தலையை ஆட்டினார். அத்துடன் விசாரணை முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் மனைவிக்குக் குறுக்கு விசாரணையில் இயல்பான திறமை உண்டு என்பது தாங்கள் அறிந்ததே.

“சரி, நீங்க ஊத்தவே இல்லையா?”

“நான் ஊற்றவில்லை. தெளித்தேன்.”

“எதால?”

“சொம்பால்.”

“சொம்பால யாருங்க தெளிப்பாங்க?”

உண்மையை மறைக்க விரும்பவில்லை. காலையில் ‘ஊற்றவில்லை’ என்று கையொப்பமிட்ட பிறகு, பன்னிரண்டு மணி வெயிலைப் பார்த்ததும் என் மனம் அலைபாயும். காலையில் விரல் தவறாக உணர்ந்திருந்தால் என்ன செய்வது என்று தோன்றும். எதற்கும் ஒரு பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு சொம்பு. நாளொன்றுக்கு ஒரு வரி என்ற முறையில் பதிவேடு வகுக்கப்பட்டிருந்ததால் அதை எழுத இடமில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மறுநாள் காலை வரை இவ்வளவு ஈரம் தாங்குகிறதே என்றுதான் நான் ஒவ்வொரு நாளும் வியந்துகொண்டிருந்தேன். ஆக, தினமும் இல்லை என்று தாங்கள் விதித்த மரத்துக்குக் காலையில் ஒரு சட்டி, நண்பகலில் ஒரு சொம்பு, ஐந்து பத்துக்கு ஒரு மக்கு என்று மூன்று வேளையும் ஊற்றப்பட்டது. மூவரில் ஒருவருக்கும் மற்ற இருவரைத் தெரியாது. மூவரும் மரத்தின் மேல் அன்பினாலேயே அதைச் செய்தோம் என்பதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாகத் தாங்கள் கருதலாம்; கருதாமலும் இருக்கலாம்.

இத்துடன் நின்றிருந்தாலும் மரம் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. நான் நர்சரிக்காரருக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். வேறு ஊருக்குச் செடி ஏற்றிக்கொண்டு போயிருந்தவர், லாரி இரைச்சலுக்கு நடுவே, கூடையிலிருந்து வேரை எடுத்துக் கறுத்து அழுகியதை மட்டும் நறுக்கிவிட்டுப் புதுச் சரளையில் வைக்கும்படி சொன்னார். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரத்தைத் தூக்கினோம். கடாவை டிரைவர் மேலேயிருந்து தாங்கிக்கொண்டார். வேரில் பாதிக்குமேல் கறுத்திருந்தது. அதை நறுக்கினோம். மீதி வேரில் பஞ்சுபோல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை. வெள்ளையை எடுக்கச் சொல்லவில்லையே என்றாள் மனைவி. வைத்திருக்கவும் சொல்லவில்லை என்றேன் நான். ஐயம் ஏற்படும்போது கூடுதல் எச்சரிக்கையான வழியைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம். பழைய பல்துலக்கும் தூரிகையால் இரண்டு மணி நேரம், ஒரு இழை மிச்சமில்லாமல், வேர்களைச் சுத்தமாகக் கழுவினேன். நான்கு நாள் கழித்து வந்த நர்சரிக்காரர் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னையே சற்று நேரம் பார்த்தார். “வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்திருக்குமே, எங்க சார்?” என்றார். கழுவிவிட்டதாகச் சொன்னேன். “சார், அந்த வெள்ளைதான் சார் பைனுக்குச் சோறு ஊட்டுறது. நோயாளியைப் பிழைக்க வைக்கக் கூப்பிட்டா, வந்த டாக்டரைக் கழுவி வெளியே ஊத்தியிருக்கீங்க” என்றார்.

மரம் இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்டேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். “இப்பச் சொல்ல முடியாது. பைன் செத்தாலும் மூணு மாசம் பச்சையாத்தான் நிக்கும். சேதி நுனி வரைக்கும் போய்ச் சேரணும்ல” என்றார். எதையாவது எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். “உயிரோட இருக்குன்னு எழுதித் தர மாட்டேன். செத்துப்போச்சுன்னும் எழுதித் தர மாட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு வரேன்னு வேணா எழுதித் தரேன்” என்றார். பிறகு, பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையா பழுப்பா என்று தெரிந்துவிடும் என்று சொல்லிக் கட்டைவிரலை அடிமரத்துக்குக் கொண்டுபோனார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் விதியை வாசித்துக் காட்டினேன். “எழுதினவங்களையே கேட்டுடுங்களேன்” என்றார். கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா, இந்த இடத்தில்தான் நான் எழுதத் தயங்கிய பகுதி வருகிறது. அன்று தொடங்கி இன்று வரை ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். ஏழு முறையும் எடுத்தவுடன், “மரம் எப்படிடா இருக்கு?” என்று கேட்டீர்கள். ஏழு முறையும் நான், “பச்சையாக இருக்கிறது” என்று சொன்னேன். அந்த விடையில் சட்டப்படி பொய் ஒரு எழுத்துகூட இல்லை. மூன்றாம் ஞாயிறன்று தாங்கள், தோள்பட்டைக்காகத் தினமும் சுவரில் விரல் ஏற்றிப் பயிற்சி செய்வதாகவும், ரம்பம் இழுக்கும் அளவுக்குக் கை வந்துவிடும் என்றும் சொன்னீர்கள். “இருபத்தோரு வருஷமா வளர்த்த கடா. என் கையாலதான் வெட்டணும்” என்றீர்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். ‘பச்சையாக’ என்ற சொல்லின் பின்னால் நின்றுகொண்டேன். தொலைபேசியை வைத்த பிறகு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பதிவேட்டில் எழுதக் கட்டம் இல்லை.

இப்போதைய சான்றுகள் பின்வருமாறு. இலைகள் இன்னும் பச்சை; ஆனால் அது சான்றாகாது என்று நிபுணரே சொல்லிவிட்டார். மொட்டுகள் இருக்கின்றன, ஆனால் ஏழு வாரமாக ஒரு நூலிழைகூடப் பருக்கவில்லை. நான் அளவுகோல் வைத்துத்தான் பார்க்கிறேன். டிரைவர் தினமும் மாலையில் மேலிருந்து பார்த்துவிட்டு, “உசுரு இருக்கு சார், முகத்துல தெரியுது” என்கிறார். அது கருத்து. சான்று அல்ல. காணாமற்போன மனிதர் இறந்துவிட்டதாகக் கொள்வதற்குச் சட்டமே பல ஆண்டுகள் காத்திருக்கிறது; எதிரில் நிற்கும் மரத்துக்கு என்ன காலவரையறை என்று எந்த நூலிலும் நான் காணவில்லை. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில், மரம் இறந்திருப்பதற்கான வாய்ப்பே மிகுதி என்பது என் தயக்கம் மிகுந்த முடிவு. ஆறு மாடி ஏறி இறங்கி, ஒரு நாள் முழுவதும் பேருந்தில் உட்கார்ந்து, புண்பட்ட தோளோடு தாங்கள் வந்து, செத்த கட்டையை அறுக்க நேரக்கூடாது என்பதே என் ஒரே கவலை. மொட்டு நீண்டால் தந்தி போல உடனே தெரிவிப்பேன். நீளாவிட்டால், நானே நேரில் அங்கு வந்து சொல்வேன். தொலைபேசியில் சொல்ல மாட்டேன். அதற்குரிய பொறுப்பு முழுவதும் என்னுடையது. என் மனைவியின் சட்டியையும் டிரைவரின் மக்கையும் இதில் சேர்க்க வேண்டாம். மரம் ஒப்படைக்கப்பட்டது என்னிடம்.

ஆகவே இருபத்தெட்டாம் தேதி வர வேண்டாம் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொண்டு, மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பையும், தங்கள் தோள்பட்டை முழுக் குணமடைய என் வேண்டுதலையும் தெரிவித்து, இத்தனைக்குப் பிறகும் தங்கள் ஆசி இந்தத் தம்பிக்கு எஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கையில் முடிக்கிறேன்.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தம்பி.

இணைப்பு: தண்ணீர்ப் பதிவேட்டின் நகல், பதினோரு பக்கங்கள்.

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நீ நின்றாய். துண்டில் சுற்றிய ரம்பம் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. தேதி பத்தொன்பதுதான் ஆகிறது என்று சொன்னேன். “இருபத்தெட்டு வரைக்கும் விட்டா நீ கடுதாசி எழுதிடுவேன்னு தெரியும். அதான் வந்துட்டேன்” என்றாய். நடந்தவற்றை நீ நேரில் கண்டாய் என்றாலும் கடிதம் முழுமையடைய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிறேன். இதை நான் எழுதும்போது நீ சமையலறையில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறாய். “என்னடா எழுதினே, கொண்டா” என்று இரண்டு முறை குரல் வந்துவிட்டது.

வேரைக் கழுவிய அன்றே என் மனைவி உனக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பதை இன்றுதான் அறிந்தேன். “ஏழு வாரமா கேக்குறேன், ஏழு வாரமும் பச்சைங்கிறான். என்ன திறமைடா உனக்கு” என்றாய்.

நேராகப் பின்கட்டுக்குப் போனாய். மரத்தைச் சுற்றி வந்தாய். மண்ணை முகர்ந்தாய். பிறகு ரம்பத்தை எடுத்தாய். நான் கதவில் மாட்டியிருந்த விதிகளைச் சுட்டிக்காட்டினேன். “நகம் படக்கூடாதுன்னுதானே எழுதினேன். ரம்பம் படக்கூடாதுன்னா எழுதினேன்?” என்றாய். முப்பத்தோர் ஆண்டுகளில் என் வரைவை யாரும் இப்படி உடைத்ததில்லை. உயிரே ஐயமாக இருக்கும்போது அறுப்பது முறையா என்று கேட்டதற்கு, “பாதி வேரு போச்சு. இத்தனை உயரத்துக்கு அது எங்கேர்ந்துடா தண்ணி ஏத்தும்? பாரத்தை இறக்கணும். இருந்தா பிழைக்கும். இல்லேன்னா என்னைக்கு வெட்டினா என்ன?” என்றாய். மேலே பால்கனியில் டிரைவர், “நுனியை நான் புடிச்சுக்கிறேம்மா, கிழியாம வரும்” என்றார். என் மனைவி கூடையைக் கட்டிப் பிடித்தாள். நீ அறுத்தாய். பாதிக்கு வந்ததும் உன் தோள் நின்றுவிட்டது. ரம்பத்தை மரத்திலேயே விட்டுவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு, “மீதியை நீ அறு” என்றாய். என் கையால் வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். “பாதி வெட்டின கடாவை எவனாவது நாளைக்குன்னு கட்டிப் போடுவானாடா?” என்றாய். அறுத்தேன்.

கடா டிரைவரின் கையோடு மேலே போனது. வெட்டுவாய் காய்ந்த பலகைபோல் வெளுத்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம். “என்ன சார் ஆச்சு, சிக்னல் விழுந்துச்சா?” என்றார் டிரைவர். அவரை யாரும் திட்டவில்லை. பிறகு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஓரிடத்தில் குண்டூசித் தலையளவு ஒன்று மினுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. நீ குனிந்து விரல் நுனியில் தொட்டு, மூக்கருகே வைத்து, என் மூக்குக்கும் நீட்டினாய். பிசின். “இருக்குடா” என்றாய். ஆகவே மேலே என் முடிவாக எழுதியிருப்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொறுப்பு பற்றி எழுதியது மட்டும் அப்படியே நிற்கட்டும்.

மரத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகப் போவதாகச் சொன்னாய். வெட்டுவாயில் நீ கொண்டுவந்த மருந்துப் பசையைத் தடவிக்கொண்டே, “இந்தக் காயம் தோல் மூட எட்டு வருஷம் ஆகும். அப்புறம்தான் இது பாக்குற மாதிரி ஒரு மரம். அதுவரைக்கும் இருப்பியாடா?” என்று கேட்டாய். உத்தரவாதம் தர இயலாது என்றேன். “நான் மட்டும் தரப் போறேனா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். உள்ளே வந்து கணக்கிட்டுப் பார்த்தேன். இன்றைய தேதியை விலக்கி, எட்டாண்டுகள் நிறைவடையும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. உனக்கு எழுபத்தேழு, எனக்கு எழுபத்தொன்று. அன்று காலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.